சேந்தன் பேசப் போன கதை

"அம்மா, நாற்பது கேள்வி எழுதி வச்சிருக்கேன். போதுமா?"

சேந்தன் நான்காக மடித்த தாளை நீட்டினான்.

நப்பின்னையின் கையெல்லாம் மண். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"எதுக்கு?"

"சனிக்கிழமை ஒருத்தங்களைப் பார்க்கப் போறேன்."

"யாரை?"

"பொண்ணு, அம்மா."

நப்பின்னை தாளை விரித்தார்.

சேந்தனுக்கு முப்பத்தொன்பது வயது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் பதினாறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாளில் பத்தாயிரம் சொற்கள் அவன் விரல் வழியாகப் போகும். வாய் வழியாகப் போவது பத்து இருக்கும்.

நப்பின்னைக்கு முப்பத்திரண்டு. பதினெட்டு வயதில் வடக்கே ஏதோ ஒரு மலைக்குப் போய், பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வெளியே ஓடாமல் கிடந்த அரிசி ஆலையைக் கூட்டிப் பெருக்கி, அதில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் வந்து அவரோடு கண்மூடி உட்கார்வார்கள். எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் அவர்களை அண்ணே, அக்கா என்றார்.

சேந்தன் நாலு வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. வருவான். உட்கார்வான். எழுந்து போவான். ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்று புதன்கிழமை. நீதிமன்றம் முடிந்து நேரே வந்திருந்தான்.

நப்பின்னை முதல் வரியை வாசித்தார்.

"'உங்களுக்குப் பிடித்த நிறம் எது?' சரி. என்னைக் கேளுங்க."

"உங்களுக்குப் பிடித்த நிறம் எது?"

"பச்சை."

"உங்களுக்குப் பிடித்த உணவு எது?"

"பச்சைக்கு என்ன ஆச்சு?"

சேந்தன் விழித்தான்.

"அது முடிஞ்சுதுல்லா அம்மா. இது ரெண்டாவது கேள்வி."

"நான் பச்சைன்னு சொன்னேன். நீங்க தாண்டிப் போயிட்டீங்க. பச்சை அங்கேயே நிக்குது."

அவன் தாளைப் பார்த்தான். பச்சைக்குப் பிறகு என்ன கேட்பது என்று அதில் இல்லை.

"இதுக்கு முன்னால யாரையாவது பார்த்திருக்கீங்களா அண்ணே?"

"ஏழு பேரை."

"என்ன ஆச்சு?"

"யாரும் ரெண்டாவது தடவை வரல. ஒருத்தங்க கெளம்பும்போது, 'கூண்டுல நின்ன மாதிரியே இருந்துச்சு சார், தீர்ப்பு எப்ப?'ன்னு கேட்டாங்க."

நப்பின்னை சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க அம்மா. இவங்க வேற."

"எப்படி வேற?"

அவன் கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தான்.

நீதிமன்றத்தில் அவனோடு வேலை பார்க்கும் அற்புதராஜின் மனைவிதான் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தாள். பெயர் பொன்வடிவு. முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கும் வேலை. ஒருமுறை கல்யாணமாகி இரண்டு வருடத்தில் பிரிந்தவள். சேந்தன் போன் செய்தபோது அவள் பேசியது நாலே வாக்கியம்.

அந்த நாலையும் சேந்தன் இப்போது அப்படியே சொன்னான்.

"'ஒரு தடவை பார்ப்போம். பேச்சு வந்தா சரி. வரலைன்னா விட்டுருவோம். பேச்சில்லாத வீட்டுல ரெண்டு வருஷம் இருந்துட்டேன், இனிமே முடியாது.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அந்தக் குரலையே நாலு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன் அம்மா. கோர்ட்டுல வக்கீல் பேசும்போதும் அதுதான் கேக்குது. நேத்து ஒரு வாக்குமூலத்துல தப்பு வந்திருச்சு. எனக்குத் தப்பு வந்ததே இல்ல."

நப்பின்னை குச்சியை மண்ணில் அழுத்தினார்.

"அம்மா, நீங்க எப்பவாவது இப்படி ஒருத்தரைப் பார்க்கப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவர் தாளைத் திருப்பினார். சேந்தனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, பின்பக்கத்தில் எழுதினார். கத்தரிக்காய். சின்ன வெங்காயம். கொத்தமல்லி.

"இன்னைக்குச் சந்தை. வாங்கிட்டு வாங்க."

*

அவன் வாங்கிக்கொண்டு வந்தான்.

"கத்தரிக்காய் வித்தவங்க என்ன சொன்னாங்க?"

சேந்தன் நிமிர்ந்து நின்றான். இது அவனுக்கு வரும்.

"'காலையில பறிச்சது. காம்பைப் பாருங்க, பச்சை மாறல. மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு, அதான் இன்னைக்கு நேரமாயிருச்சு. பொட்டப்பிள்ளை. மூக்கு அப்படியே என் மூக்கு.' இவ்வளவுதான் அம்மா. ஒரு வார்த்தை விடல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அரைக் கிலோ."

நப்பின்னை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தார்.

சேந்தன் யோசித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்தது.

"புரிஞ்சுது அம்மா. கேள்வி கேக்கக் கூடாது. சும்மா காது கொடுத்துக் கேக்கணும்."

நப்பின்னை அடுத்த காயை எடுத்தார். ஒரு காயில் புழு இருந்தது. அதை ஒதுக்கி வைத்தார்.

அவர் சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டு சேந்தன் வீட்டுக்குப் போனான்.

*

சனிக்கிழமை நாலு மணி. சாரல் பெய்துகொண்டிருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் மூன்றே மேஜைகள். சேந்தன் அரை மணி நேரம் முன்னதாக வந்து சுவரோர மேஜையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தான்.

பொன்வடிவு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சுற்றிப் பார்த்தாள். நேராக அவனிடம் வந்தாள்.

"சேந்தன் சார்தானே?"

"ஆமாங்க."

"பொன்வடிவு."

"தெரியுங்க. குரல் தெரியும்."

அவள் சிரித்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

சேந்தன் காது கொடுத்துக் கேட்கத் தயாரானான்.

அவள் அவன் பேசட்டும் என்று காத்திருந்தாள். அது அவள் வேலையில் வந்த பழக்கம். கண்ணாடி அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து, மெல்லிய சத்தம் ஒன்றை அனுப்பிவிட்டு, அவர் கை தூக்கும்வரை அசையாமல் இருப்பாள். எத்தனை நேரமானாலும் அவள் முகத்தில் அவசரம் வராது.

அவனும் காத்திருந்தான். அது அவன் வேலை. சாட்சி வாய் திறக்கும்வரை பேனா தாளைத் தொடாது.

"சொல்லுங்க," என்றாள் அவள்.

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க சார்."

"பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் வந்தார். "என்ன வேணும்?"

"ரெண்டு பப்ஸ்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பப்ஸ் வந்தது. பொன்வடிவு சாப்பிட்டாள். சேந்தன் சாப்பிடவில்லை. கடித்தால் உதிரும். உதிர்ந்தால் சட்டையில் விழும்.

சாரல் கூரைத் தகரத்தில் சத்தம் போட்டது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

கடைக்காரர் மறுபடியும் வந்தார். "வேற ஏதாவது?"

பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சேந்தன் தேங்காய் பன் சொன்னான். அடுத்த முறை வந்தபோது பொன்வடிவு ரோஸ்மில்க் சொன்னாள். பிறகு ஒரு வெண்ணெய் பிஸ்கட். பிறகு இரண்டு கேக். மேஜையில் கை வைக்க இடமில்லாமல் போயிற்று.

"சொல்லுங்க," என்றான் சேந்தன்.

பொன்வடிவு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"சார், நீங்க நல்லாக் கேக்குறீங்க."

"நன்றிங்க."

"நானும் நல்லாக் கேப்பேன். நாள் முழுக்க அதுதான் வேலை. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தா யாரு சார் பேசுறது?"

அவன் கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. என் பஸ் வந்திருச்சு."

பஸ் வரவில்லை. அவள் சாலையைக் கடந்து போய், சாரலில் நின்று, அது வரும்வரை காத்திருந்ததை அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

"எல்லாம் போச்சு அம்மா."

ஐந்தரை மணிக்கு அரிசி ஆலை வாசலில் நனைந்துபோய் நின்றான். கையில் ஒரு பொட்டலம். பேக்கரிக்காரர் மிச்சத்தையெல்லாம் கட்டிக் கொடுத்திருந்தார்.

நப்பின்னை ஒரு துண்டைக் கொடுத்தார். அவன் தலையைத் துவட்டவில்லை.

"நீங்க சொன்னபடியேதான் கேட்டேன்."

"நான் எப்பச் சொன்னேன்?"

சேந்தன் புதன்கிழமையை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

"சரி, என்ன பேசுனீங்க?"

அவள் இருபத்திரண்டாவது நிமிடத்தில் கிளம்பியதுவரை அவன் ஒப்பித்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது வெளியே. உள்ளே?"

"உள்ளேன்னா?"

"இருபத்திரண்டு நிமிஷம் உங்க மண்டை சும்மாவா இருந்துச்சு?"

"இல்லம்மா."

"அதைச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல அம்மா."

நப்பின்னை பொட்டலத்தைப் பிரித்தார். கேக்கை ஒரு கடி கடித்தார்.

சேந்தன் மெதுவாக ஆரம்பித்தான். அவளுடைய மேலுதட்டில் பப்ஸ் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னால் சங்கடப்படுவாளோ. சொல்லாவிட்டால் அப்படியே பஸ்ஸில் போவாளே. பாதி நேரம் அதிலேயே போயிற்று. பிறகு, காது பரிசோதனையில் சத்தம் கேட்காமலேயே கை தூக்கி ஏமாற்றுகிறவர்கள் உண்டா என்று கேட்க ஆசை வந்தது. சின்ன வயதில் அவனே கண் பரிசோதனையில் எழுத்துகளை மனப்பாடம் செய்து ஏமாற்றியவன். அப்புறம் அவள் குடையில் ஒரு கம்பி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. யாரோ சரி செய்திருக்கிறார்கள். அவளேதான் செய்தாளோ என்று நினைத்தான். அப்புறம், ஏனென்று தெரியவில்லை, ஒரு ஆடு அவனுக்கு மெமோ வாங்கிக் கொடுத்த கதை நினைவுக்கு வந்தது.

"ஆடா?"

அவன் ஆட்டுக் கதையைச் சொன்னான்.

நப்பின்னைக்குக் கேக் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. சுவரில் சாய்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சேந்தனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை ஆட்டி, ஆடு மாதிரி தலையைச் சாய்த்து, இன்னொரு முறை நடித்துக் காட்டினான். அரை மணி நேரம் ஆனது அவனுக்குத் தெரியவில்லை.

நப்பின்னை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே."

"சொல்லுங்கம்மா."

"இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

சேந்தனின் கை அந்தரத்தில் நின்றது.

துண்டை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்தான். வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு ஓடினான்.

*

சாலையோரத்துப் புளியமரத்தடியில் நின்று போன் செய்தான். ஐந்தாவது முறை மணி அடித்தபோது அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

"மன்னிச்சுக்குங்க. உங்க மேலுதட்டுல பப்ஸ் துணுக்கு ஒட்டியிருந்துச்சு."

"என்னது?"

"வலது பக்கம்," என்றான். "பதினஞ்சு நிமிஷமா இருந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியாம இருந்துட்டேன்."

"அதோடயேவா நான் பஸ்ல வந்தேன்?"

"தெரியலங்க. வந்திருப்பீங்க."

"கண்டக்டர்கிட்ட சில்லறைக்குச் சண்டை வேற போட்டேன்."

"அதோடயேதான் போட்டிருப்பீங்க."

போனில் என்னமோ ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாளோ என்று நினைத்தான். இல்லை. சிரிக்கிறாள்.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்."

"வேற என்னத்தையெல்லாம் சொல்லாம விட்டீங்க?"

"நிறைய இருக்குங்க."

மரத்திலிருந்து பெரிய சொட்டு ஒன்று அவன் கழுத்தில் விழுந்தது. அவன் அசையவில்லை.

"நாளைக்கு அணைக்கட்டுக்கு ஒன்பதரைக்கு ஒரு பஸ் இருக்கு," என்றாள் பொன்வடிவு. "போயிட்டுத் திரும்ப மூணு மணி நேரம். எதிரெதிரா உக்காந்து முகத்தைப் பார்த்தா எனக்கும் பேச்சு வராது சார். பக்கத்துல பக்கத்துல உக்காருவோம்."

"சரிங்க."

"அந்த 'நிறைய' இருக்குறதையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை, நாலு வருடத்தில் முதல்முறையாக, அரிசி ஆலையில் சேந்தனின் இடம் காலியாக இருந்தது. மற்றவர்கள் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருப்பாரு," என்றார் நப்பின்னை. "கண்ணை மூடுங்க."

*

பஸ்ஸில் பாட்டு அலறியது. பொன்வடிவு ஜன்னலோரம். சேந்தன் பக்கத்தில். முன் இருக்கையில் வாழைத்தார் ஒன்றை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

சேந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

"எனக்கும்," என்றாள் அவள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"ஒரு ஆட்டைப் பத்திச் சொல்லவா?"

"சொல்லுங்க... ஐயோ, அந்த வார்த்தையே வேண்டாம். ஆரம்பிங்க."

"ரெண்டு பேரு. ஒரே ஆடு. ஒருத்தர் அது பேரு செவலைங்கறாரு. இன்னொருத்தர் ராசாத்திங்கறாரு. கேஸ் கோர்ட்டுக்கு வந்திருச்சு. நீதிபதி ஐயா பார்த்தாரு. 'ஆட்டைக் கூட்டிட்டு வாங்க, யாருகிட்ட போகுதுன்னு பார்ப்போம்'ன்னுட்டாரு."

"என்ன?" பாட்டுச் சத்தத்தில் காது கேட்கவில்லை.

சேந்தன் குரலை உயர்த்தினான். "ஆட்டைக் கோர்ட்டுக்கே கூட்டிட்டு வந்தாங்க!"

வாழைத்தார்க்காரி திரும்பிப் பார்த்தாள்.

"யாருகிட்ட போச்சு?" என்றாள் பொன்வடிவு.

"அவரு செவலை செவலைங்கறாரு. இவரு ராசாத்தி ராசாத்திங்கறாரு. ரெண்டு பேருகிட்டயும் போகல. நேரா எங்கிட்ட வந்துச்சு."

"ஏன்?"

"என் மேஜையில நோட்டு இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரோட சாட்சியமும் அதுலதான் இருக்கு. முதல் பக்கத்தைக் கடிச்சுது. நான் இழுத்தேன். அது இழுத்துச்சு. நான் இழுத்தேன்."

"அப்புறம்?"

"அது ஜெயிச்சிருச்சு."

பொன்வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தாரு. 'சாட்சியத்தை வாசிங்க'ன்னாரு. நான் எந்திரிச்சு நின்னேன். 'சாட்சியம் ஆட்டுக்குள்ள இருக்குங்க ஐயா'ன்னேன்."

பொத்திய கையைத் தாண்டிச் சிரிப்பு வெடித்தது. வாழைத்தார் குலுங்கியது. பின்னால் யாரோ, "என்னவாம்?" என்று கேட்க, வேறு யாரோ அவருக்குச் சொன்னார்கள். கண்டக்டர் பாட்டைக் கொஞ்சம் குறைத்தார்.

"பதினாறு வருஷத்துல அந்தக் கோர்ட்டுல நான் வாயைத் திறந்து சொந்தமாச் சொன்னது அது ஒண்ணுதான்," என்றான் சேந்தன். "அதுக்கு ஒரு மெமோ கொடுத்தாங்க. அதை வீட்டுல, வெளியில யாருகிட்டயும் காட்டினதில்ல."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

பொன்வடிவு முதல்முறையாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

வாழைத்தார்க்காரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பொறவு ஆடு யாருக்குத்தான் போச்சு தம்பி?"

"திரும்ப விசாரிக்க மூணு மாசம் ஆச்சுங்க. அதுக்குள்ள அது ரெண்டு குட்டி போட்டிருச்சு. ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க."

"தாய் ஆடு?"

"ஒரு வாரம் அங்க. ஒரு வாரம் இங்க."

"பேரு?"

"அங்க செவலை. இங்க ராசாத்தி."

அவள் திருப்தியாகத் திரும்பிக்கொண்டாள்.

மலைச்சாலை வளைந்தது. பஸ் சாய்ந்தபோது பொன்வடிவின் தோள் அவன் மேல் பட்டது. நிமிர்ந்தபோது விலகியது. அடுத்த வளைவில் மறுபடியும் பட்டது.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு," என்றாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல."

"என்னது?"

"எங்க ஆஸ்பத்திரியில அந்தக் கண்ணாடி அறை இருக்குல்லா. உள்ளே கத்தினாலும் வெளியே கேக்காது. தினமும் மத்தியானம் சாப்பிட்டுட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுவேன். தொண்டை கிழியப் பாடுவேன்."

"தினமுமா?"

"தினமும். ஒருநாள் உள்ளே இருக்குற மைக்கை அணைக்க மறந்துட்டேன். வெளியே ஸ்பீக்கர்ல கூடம் பூரா கேட்டிருக்கு. கதவைத் திறந்துட்டு வாரேன். முப்பது பேரு. எல்லாரும் காது கேக்கலைன்னு வந்தவங்க. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறாங்க."

"ஐயோ. அப்புறம்?"

"முன்வரிசையில ஒரு தாத்தா. 'பாட்டு நல்லாத்தான் இருக்கு, சுருதிதான் சேரல'ன்னாரு."

"நீங்க?"

"'உங்களுக்கு மெஷின் வேண்டாம் தாத்தா, வீட்டுக்குப் போங்க'ன்னுட்டேன்."

சேந்தன் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். சிரித்து முடித்ததும், சத்தம் கேட்காமலேயே கை தூக்குகிறவர்கள் உண்டா என்று கேட்டான். எல்லாருமே அப்படித்தான் என்றாள் அவள். ஒருவர் அவளுடைய புருவத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்குவாராம். புருவத்தைப் பார்த்தா என்று அவன் கேட்டான். அவள் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். அவன் கையைத் தூக்கினான்.

*

அணையில் மதகுகள் திறந்திருந்தன. தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. பக்கத்தில் நின்றும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் கத்தி ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. மூன்று முறை கத்தினாள். கடைசியில் அவன் காதருகே வந்து சொன்னாள்.

"பசிக்குதுன்னு சொன்னேன்!"

சுண்டல் வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஒதுங்கினார்கள். அங்கே இரைச்சல் குறைவு.

"அவர் கெட்டவர் இல்ல," என்றாள் பொன்வடிவு திடீரென்று. யாரைச் சொல்கிறாள் என்று சேந்தனுக்குத் தெரிந்தது. "சோறு போதும்னா தட்டைக் கொஞ்சம் தள்ளுவாரு. குழம்பு வேணும்னா ரெண்டு விரலால தட்டுவாரு. ரெண்டு வருஷம் அந்தத் தட்டோட சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் நான் எங்கம்மா வீட்டுல போய்ச் சாப்பிடும்போது தட்டைத் தள்ளினேன். எங்கம்மா அழுதுட்டாங்க."

சேந்தன் சுண்டல் காகிதத்தை மடித்தான். விரித்தான்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலங்க."

"அதான் சொல்லிட்டீங்களே."

அவள் தன் காகிதத்தில் மிச்சமிருந்த மாங்காய்த் துண்டை எடுத்து அவன் காகிதத்தில் போட்டாள்.

*

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பாட்டும் இல்லை. மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது.

முதல் மூன்று வளைவுகள்வரை பேசினார்கள். அவள் குடைக் கம்பியை அவளேதான் சரி செய்தாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டது பத்தாம் வகுப்பில். அதுவரை கரும்பலகை இருப்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது.

நாலாவது வளைவில் பேச்சு நின்றது.

சேந்தன் உள்ளே தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. நிறைய இருக்கிறது என்று சொன்னதெல்லாம் தீர்ந்து போயிருந்தது. பேக்கரியின் கடிகாரம் கண்ணில் வந்தது. அவள் குடை எங்கே இருக்கிறது என்று பார்த்தான்.

குடை கீழே உருண்டு கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சாரல் உள்ளே வந்து இருவர் முகத்திலும் விழுந்தது.

"பேச்சு நின்னு போச்சுங்களே," என்றான் சேந்தன்.

"நிக்கட்டும்," என்றாள் பொன்வடிவு. "மழையைப் பாருங்க."